31 தோல்விகளோடு கோப்பையைத் தூக்கியவர்கள்

2008 ஜூன் 25 இரவு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமஹா நகரம். ரோசன்பிளாட் மைதானத்தில் வலது புறத்தை நோக்கி உயரே எழும்பிய பந்து ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஸ்டீவ் டெட்வைலர் நின்றிருந்தார். அவருடைய இடது கட்டைவிரலின் தசைநார் கிழிந்திருந்தது. பேஸ்பால் கையுறையை மாட்டுவதும் அதே கையில்தான். அறுவை சிகிச்சையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சீசன் முழுக்க அந்த விரலோடுதான் ஆடியிருந்தார். பந்து கையுறைக்குள் விழுந்தது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரி அணி 6-1 என்று ஜார்ஜியாவை வென்று, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் தேசியச் சாம்பியன் ஆனது. அன்று அந்த அணி எடுத்த ஆறு ரன்களுக்கும் காரணம் இதே டெட்வைலரின் மட்டைதான்: இரண்டு ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), ஓர் இரட்டை அடி.

அந்த ஆண்டு ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் கணக்கு 47 வெற்றி, 31 தோல்வி. இத்தனை ஆட்டங்களில் தோற்றுவிட்டுக் கோப்பை வென்ற அணி அந்தப் போட்டியின் வரலாற்றில் அதற்கு முன் கிடையாது. போட்டிக்குள் நுழைந்தபோதும் அது கடைசி வரிசையில்தான் இருந்தது. மொத்தம் 64 அணிகள், நான்கு நான்காகப் பிரித்து 16 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் பலத்தை வைத்து 1 முதல் 4 வரை தரவரிசை கொடுப்பார்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் தன் குழுவில் நான்காவது. வேறு மாதிரி சொன்னால், 64 பேரில் கடைசிப் பதினாறு பேரில் ஒருவர்.

அதனால்தான் இந்தக் கதையை எல்லோரும் அதிசயம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கல்லூரியின் அணிப்பெயர் புல்டாக்ஸ். ‘அண்டர்டாக்ஸ்’ ‘வொண்டர்டாக்ஸ்’ ஆகிவிட்டது என்று டி-ஷர்ட் எல்லாம் அச்சடித்தார்கள். எனக்கு அந்த வார்த்தையில் முழு உடன்பாடு இல்லை. அதிர்ஷ்டம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்த 31 தோல்விகள் எப்படி, எப்போது வந்தன என்று பார்த்தால், கல்லூரி பேஸ்பால் சீசன் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்பது கொஞ்சம் பிடிபடும். அதிசயத்தின் அளவும் கொஞ்சம் குறையும்.

முதலில் நாள்காட்டி. ஒரு கல்லூரி அணி பிப்ரவரியில் தொடங்கி மே வரை சுமார் 56 ஆட்டங்கள் ஆடும். வாரக் கடைசியில் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டங்கள். நடுவாரத்தில், பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன், பக்கத்துக் கல்லூரி எதோடாவது ஓர் ஆட்டம். இந்த வரிசையை வைத்துத்தான் பிட்சர்களையே, அதாவது பந்து வீசுபவர்களையே, அழைப்பார்கள். அணியின் ஆகச்சிறந்த பிட்சருக்கு ‘வெள்ளிக்கிழமை ஆள்’ என்று பெயர். அடுத்தவர் சனிக்கிழமை, மூன்றாமவர் ஞாயிறு. நடுவாரத்தில் முதலாம் ஆண்டுப் பையன், காயத்திலிருந்து மீண்டு வருபவர், கோச்சுக்கு இன்னும் நம்பிக்கை வராதவர் என்று யாராவது வீசுவார்கள்.

கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் சொதப்பினால் மறுமுனையில் இன்னொருவர் இருக்கிறார். பேஸ்பாலில் அன்றைக்கு முதலில் வீச வருபவர் யார் என்பதே பாதி ஆட்டம். ஒரே அணி வெள்ளிக்கிழமை ஒரு தரத்திலும் செவ்வாய்க்கிழமை வேறொரு தரத்திலும் இருக்கும். அதை எல்லாம் கூட்டி ‘இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி’ என்று ஒரே வரியில் எழுதும்போது, உண்மையில் நான்கு வேறு அணிகளின் மதிப்பெண்களைக் கூட்டிப் போடுகிறோம். போதாததற்கு இந்த ஆட்டத்தில் நல்ல அணிகளும் நிறையத் தோற்கும். தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் பத்துக்கு ஆறு ஆட்டம் வென்றாலே அது முன்னணி அணி. 2008 இறுதிப் போட்டிக்கு வந்த ஜார்ஜியாவே 45 வெற்றி, 25 தோல்வி, ஒரு டிரா என்றுதான் அந்த ஆண்டை முடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம்.

2008-இல் இந்த நாள்காட்டிக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அதுவரை கலிஃபோர்னியா, டெக்ஸஸ், ஃப்ளோரிடா மாதிரி வெயில் அடிக்கும் ஊர்க் கல்லூரிகள் ஜனவரி கடைசியிலேயே ஆட ஆரம்பித்துவிடும். வடக்கே பனி உருகாத ஊர்க் கல்லூரிகள் மார்ச் வரை உள்ளரங்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது நியாயமில்லை என்று, நாடு முழுவதற்கும் ஒரே தொடக்க நாளை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த ஆண்டு முதல்முறையாகக் கொண்டுவந்தது. நாள் குறைந்தது, ஆட்டங்களின் எண்ணிக்கை குறையவில்லை. வாரத்துக்கு நான்கு ஆட்டம் என்பது பல வாரங்களில் ஐந்தானது. பிட்சர்களின் தோள்பட்டைதான் அதற்கு விலை கொடுத்தது. கலிஃபோர்னியாவின் நடுவே திராட்சையும் பாதாமும் விளையும் பள்ளத்தாக்கில் இருக்கிற ஃப்ரெஸ்னோவுக்கு, அதுவரை வெயில் கொடுத்துவந்த சலுகையும் போயிற்று.

ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அந்த ஆண்டைத் தொடங்கியது 8 வெற்றி, 12 தோல்வி என்று. பார்க்கச் சகிக்காத கணக்கு. ஆனால் அந்த முதல் இருபதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள்: 39 வெற்றி, 19 தோல்வி. மூன்றுக்கு இரண்டு. முதல் மாதத்தில் தடுமாறிய ஓர் அணி ஏப்ரலில் நிமிர்ந்து, தன் லீகான வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸை வென்று, ஜூனில் இன்னும் கூராகிவிட்டது. கோப்பை வாங்கிய பிறகு எல்லோரும் 31-ஐப் பற்றியே பேசினார்கள். இந்த 39-19 பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இந்த லீக் விஷயத்தில்தான் அதிர்ஷ்டம் முதல் தடவை தலைகாட்டுகிறது. லீகின் கடைசியில் ஒரு குட்டிப் போட்டி நடக்கும். அதில் வெல்பவருக்குத் தேசியப் போட்டிக்கு நேரடி அனுமதி. மற்றவர்கள் தேர்வுக் குழு கூப்பிடுமா என்று காத்திருக்க வேண்டும். பெரிய லீகுகளின் அணிகளுக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் இருந்த லீக் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அந்தக் குட்டிப் போட்டியை வென்றதால்தான் உள்ளே வந்தார்கள். அங்கே தோற்றிருந்தால் மே மாதத்தோடு எல்லோரும் பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரி ஊருக்குப் போயிருப்பார்கள்.

அதே நேரத்தில் ஒரு பேரிடியும் விழுந்தது. அணியின் வெள்ளிக்கிழமை ஆள் டேனர் ஷெப்பர்ஸ். வேகமாக வீசக்கூடியவர், தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அவரைப் பார்க்கத்தான் வேகமானி சகிதம் ஃப்ரெஸ்னோவுக்கு வருவார்கள். தேசியப் போட்டி நெருங்கும்போது அவருக்குத் தோள்பட்டையில் காயம். அந்த ஆண்டு அவர் மறுபடி வீசவே இல்லை.

சரி, முதன்மைப் பிட்சர் போனால் ஓர் அணி என்ன செய்யும்? எல்லோரும் ஒரு படி மேலே ஏற வேண்டும். சனிக்கிழமை ஆள் வெள்ளிக்கு, ஞாயிறு ஆள் சனிக்கு. கோச் மைக் பேட்டசோல் செய்ததும் அதுதான். இடது கைப் பிட்சர் ஜஸ்டின் வில்சன் முன்னே வந்தார். மீதி இடத்தைப் பலர் சேர்ந்து அடைத்தார்கள். ரன் கொடுப்பதைத் தடுக்க முடியாது, கொடுத்ததைவிட அதிகம் எடுக்க வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு அந்தக் காலத்து மட்டையும் ஒத்துழைத்தது. கல்லூரி பேஸ்பாலில் 1974 முதல் உலோக மட்டைகள். மரத்தைவிடப் பந்து வேகமாகத் தெறிக்கும். 2011-இல் விதிகள் மாறி, உலோக மட்டையும் கிட்டத்தட்ட மரம் மாதிரியே நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. 2008-இல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐந்து ரன் பின்தங்கினாலும் அரை மணியில் கதை மாறும்.

பிறகு தேசியப் போட்டி. அமைப்பு இது: நான்கு அணிக் குழுவில் ஒரு தோல்வி மன்னிக்கப்படும், இரண்டாவது தோல்வியில் மூட்டை கட்ட வேண்டும். குழுவை வென்ற 16 அணிகள் இருவர் இருவராக மோதும். மூன்றில் இரண்டு வென்றவர்கள், எட்டுப் பேர், ஒமஹாவுக்கு. அங்கேயும் முதலில் இரு-தோல்வி முறை, இறுதியில் மூன்றுக்கு இரண்டு. ஒரே நாக்-அவுட்டில் ஒரு நல்ல நாள் போதும். இங்கே ஒரு நல்ல நாள் போதவே போதாது. நான்கு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம் இந்த முறை, ஒரேயொரு அபாரமான பிட்சரை நம்பியிருக்கிற அணியைவிட, நாலு பேர் ஓரளவு வீசுகிற அணிக்குத்தான் வசதி. ஷெப்பர்ஸ் போனதால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் வேண்டாவெறுப்பாக அந்த மாதிரி அணியாக மாறியிருந்தது.

லாங் பீச்சில் நடந்த முதல் கட்டத்தைக் கடந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த சான் டியாகோ பல்கலையின் பிட்சர் பிரையன் மாட்டுஸ், அதே ஜூன் மாதம் நடந்த மேஜர் லீக் தேர்வில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வு) நாட்டிலேயே நான்காவதாக எடுக்கப்பட்டவர். அடுத்தது அரிசோனா ஸ்டேட், அவர்கள் சொந்த மைதானத்தில். தேசிய அளவில் மூன்றாம் தரவரிசை, ஐந்து முறை சாம்பியன். அந்த அணியில் மட்டும் இரண்டு பேர் அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள்: பிரெட் வாலஸ், ஐக் டேவிஸ். முதல் ஆட்டத்தில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 12-4 என்று உதை வாங்கியது. மறுநாள் 8-6, அதற்கு மறுநாள் 12-9. இரண்டும் ஃப்ரெஸ்னோவுக்கு. ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும், பிட்சர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், பேட்டர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒமஹாவில் முதல் ஆட்டம் ரைஸ் பல்கலையோடு. 17-5. அப்போதுதான் டிவிக்காரர்கள் இந்த அணியின் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆரம்பித்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அடுத்து தேசிய இரண்டாம் தரவரிசை நார்த் கரோலைனா. முந்தைய இரண்டு ஆண்டும் இறுதிக்கு வந்து தோற்றவர்கள், அந்த ஆண்டு முழுவதும் தோற்றதே 14 ஆட்டம்தான். அவர்களை 5-3 என்று வென்று, 4-3 என்று தோற்று, 6-1 என்று மறுபடி வென்றார்கள். இறுதியில் ஜார்ஜியா. அவர்களும் புல்டாக்ஸ்தான். புல்டாக்குக்கும் புல்டாக்குக்கும் சண்டை.

முதல் ஆட்டம் ஜார்ஜியாவுக்கு, 7-6. முன்னிலையில் இருந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கடைசிக் கட்டத்தில் கோட்டைவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே 0-5. சாதாரணமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரே இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது உண்டு) முன்னுக்கு வந்து, பிறகு நிற்கவே இல்லை. 19-10. இந்த ஸ்கோரைப் பார்த்தால் பேஸ்பால் பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், இது என்ன ஆட்டம் என்று. எனக்கோ அந்தத் தொடரிலேயே ரொம்பப் பிடித்த ஆட்டம் இதுதான். இரண்டு அணியிடமும் வீச ஆள் தீர்ந்துபோனபின் நடக்கிற பேஸ்பால் அது.

இந்த அணியைப் புரிந்துகொள்ள ஒரே ஆளைப் பார்த்தால் போதும் என்றால் நான் மூன்றாம் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய நான்கு மூலைகளில் மூன்றாவது) நின்ற டாமி மென்டோன்சாவைக் காட்டுவேன். அந்த ஆண்டு 99 முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனார். ஒரு சீசனில் அதுவரை எந்தக் கல்லூரி வீரரும் அவ்வளவு தடவை காற்றை அடித்துவிட்டுத் திரும்பியதில்லை. வேறு அணியாக இருந்தால் ஏப்ரலிலேயே பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். பேட்டசோல் வைக்கவில்லை. காரணம், மட்டை பந்தில் பட்டால் அது மைதானத்துக்கு வெளியே போகும். இன்னொன்று, மூன்றாம் பேஸில் அவர் தடுக்கும் பந்துகள். கோட்டை ஒட்டிச் சீறி வரும் பந்துக்குப் பாய்ந்து, மண்ணில் விழுந்தபடியே பிடித்து, எழுந்து முதல் பேஸுக்கு எறிவார். தொடரின் ஆகச்சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. ஒமஹாவில் நான்கு ஹோம் ரன். அந்த 99-ஐயும் இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே வீச்சிலிருந்து வருபவை. அணியின் 47-31-க்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பெரிதாக வீசுகிற அணி, பெரிதாகத் தவறவும் விடும்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னக் கல்லூரி பெரிய கல்லூரியை பேஸ்பாலில் முட்ட முடிவதற்கு அது ஒரு காரணம். அமெரிக்கன் ஃபுட்பாலில் முதல்நிலைக் கல்லூரி ஒன்று அப்போது 85 பேருக்கு முழு உதவித்தொகை தர முடிந்தது. பேஸ்பாலுக்கு அன்றைக்கு இருந்த வரம்பு 11.7. ஆமாம், புள்ளி ஏழு. ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட அணிக்கு இதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள், ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால், சிலருக்கு ஒன்றுமே இல்லை. எவ்வளவு பணக்காரக் கல்லூரியாலும் அன்று இந்தக் கூரையைத் தாண்ட முடியவில்லை. அதோடு, பள்ளி முடித்ததும் நாலு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை மேஜர் லீக் அணிகள் எடுக்க முடியாது. எல்லோரும் ஆசைப்படும் திறமைசாலிகள் மூன்றாம் ஆண்டோடு போய்விடுவார்கள். அவ்வளவாகக் கண்ணில் படாதவர்கள் நான்காம் ஆண்டும் இருப்பார்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் ஸ்டீவ் சஸ்டார்ஃப் அப்படி நான்காம் ஆண்டும் இருந்து மட்டை வரிசையைத் தாங்கினார். அந்த வயதில் ஓர் ஆண்டு உடம்பிலும் பக்குவத்திலும் எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பது கல்லூரி விளையாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2025-இல் நடந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேரும் கல்லூரிகளுக்கு 11.7 வரம்பு கிடையாது. அணியில் 34 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு மட்டும்தான். பணம் உள்ளவர்கள் 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். கொஞ்சம் கண்ணில் பட்டால் போதும், வீரர்கள் கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. அடுத்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட் வருவது கஷ்டமாகிவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. 2008-க்குப் பிறகு நான்காம் தரவரிசையிலிருந்து ஒமஹா வரை வந்தவர்கள் மூன்றே பேர்: 2012-இல் ஸ்டோனி புரூக், 2023-இல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-இல் மர்ரே ஸ்டேட். யாரும் கோப்பையைத் தொடவில்லை.

அந்த மூன்றாவது ஆட்டத்துக்கு வருவோம். 19-10 முடிந்த மறுநாள். வீச யார் இருக்கிறார்கள்? வில்சன்தான். மேஜர் லீகில் ஒரு தொடக்கப் பிட்சருக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவே நான்கு நாள் ஓய்வு, கல்லூரியில் வழக்கமாக ஒரு வாரம். வில்சனுக்குக் கிடைத்தது மூன்று நாள். அவர் எட்டு இன்னிங்ஸ் வீசினார், 129 பந்து. இன்றைக்கு எந்தக் கோச்சாவது ஓர் இருபது வயதுப் பையனை இப்படி வீச வைத்தால் இணையத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள், அது நியாயமும்கூட. அன்றைக்கு மாற்று இல்லை. எதிரே நின்றவர்களில் ஒருவர் கார்டன் பெக்கம், அந்த ஆண்டு 28 ஹோம் ரன் அடித்தவர், தேர்வில் எட்டாவதாக எடுக்கப்பட்டவர். ஜார்ஜியாவுக்கு மொத்தம் ஒரு ரன்தான் கிடைத்தது. ஒருபக்கம் வில்சனின் கை, மறுபக்கம் டெட்வைலரின் கிழிந்த விரல். ஜெயித்ததும் மைதானத்தின் நடுவே ஒருவர் மேல் ஒருவராக விழுந்து மலையாகக் குவிந்தார்கள்.

ரோசன்பிளாட் மைதானம் இப்போது இல்லை. 1950 முதல் 2010 வரை அங்கேதான் இந்தப் போட்டி. பிறகு நகரின் நடுவே புது மைதானம் கட்டிவிட்டார்கள். பழைய இடத்தைப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை எடுத்துக்கொண்டது. ஃப்ரெஸ்னோவில் பிறகு ஆரன் ஜட்ஜ் என்று ஒரு நெடிய பையன் படித்து, நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் உலகமே அறிந்த பெயராகிவிட்டதால், அந்தக் கல்லூரி என்றால் இப்போது அவர்தான் நினைவுக்கு வருகிறார். ஷெப்பர்ஸ் மெதுவாகத் தேறி, 2014 சீசனின் முதல் நாள் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்காக முதல் பந்தை வீசினார். சஸ்டார்ஃப் சில ஆட்டங்கள் மேஜர் லீகில் ஆடிவிட்டு ஒதுங்கினார். பெக்கம், வாலஸ், டேவிஸ், மாட்டுஸ் எல்லோரும் மேஜர் லீகுக்குப் போனார்கள், எல்லோரும் ஓய்வும் பெற்றாயிற்று.

அந்த ஜூன் மாதத்துத் தேர்வில் ஐந்தாவது சுற்றில்தான் எடுக்கப்பட்ட வில்சன் 2025-இலும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக வீசிக்கொண்டிருந்தார். அப்போது அவர் நடுவில் வந்து ஓர் இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீஃப் பிட்சர். ஒரு நாளைக்குப் பதினைந்து பந்து. ஒமஹாவில் அந்த ஒரே இரவில் வீசியதை வீசி முடிக்க அவருக்கு அப்போது கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும்.